ஒளிர்வு அலகுகளை மாற்றுவது எப்படி: நிட், ஸ்டில்ப், லாம்பர்ட், அபோஸ்டில்ப், ஸ்காட் வரை

பழைய ஒளிமானி ஒன்று என்னிடம் இருக்கிறது. துப்பாக்கி போலப் பிடித்து, கண்ணாடி வழியே பார்த்து, திரையின் ஒரு புள்ளியைக் குறிவைத்து அளக்கும் வகை. ஒருமுறை அதை வைத்து ஒரு ப்ரொஜெக்டர் திரையை அளந்தேன். முள் 14இல் நின்றது. அருகில் இருந்த விவரக்குறிப்போ 48 வர வேண்டும் என்றது. ப்ரொஜெக்டர் விளக்கு தேய்ந்துவிட்டது என்றே முடிவு செய்து, மாற்று விளக்குக்குச் சொல்லியும் விட்டேன். பிறகுதான் முகப்பின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்த ஃபுட்-லாம்பர்ட் குறியைக் கவனித்தேன். விவரக்குறிப்பில் இருந்தது சதுர மீட்டருக்கு கேண்டிலா. 14 ஃபுட்-லாம்பர்ட்டும் 48 கேண்டிலாவும் ஒரே வெளிச்சம்தான். திரையில் எந்தக் குறையும் இல்லை.

அன்றிலிருந்து அட்டவணையை நம்பி மாற்றுவதை விட்டுவிட்டேன். இந்த அலகுகள் எப்படிப் பிறந்தன என்று ஒருமுறை புரிந்துகொண்டால், பெருக்க வேண்டிய எண்ணை நாமே உருவாக்கிக்கொள்ளலாம். ஒவ்வொரு அலகிடமும் இரண்டே கேள்விகள் கேட்டால் போதும். எந்தப் பரப்பு? பையால், அதாவது வட்டக் கணக்கில் வரும் 3.14159 என்ற எண்ணால் (π), வகுத்திருக்கிறதா, இல்லையா?

முதலில்: கையில் இருப்பது ஒளிர்வுதானா?

மாற்றத் தொடங்கும் முன் இதைப் பார்த்துவிடுங்கள். பாதித் தவறுகள் இங்கேதான் நடக்கின்றன.

லூமென் என்பது விளக்கிலிருந்து எல்லாத் திசைகளிலும் வெளியேறும் மொத்த ஒளி. கேண்டிலா என்பது ஒரு குறிப்பிட்ட திசையில் செல்லும் ஒளியின் செறிவு. லக்ஸ் என்பது ஒரு பரப்பின் மேல் வந்து விழும் ஒளி. ஒளிர்வு என்பது அந்தப் பரப்பு நம் கண்ணுக்கு எவ்வளவு வெளிச்சமாகத் தெரிகிறது என்பதற்கான அளவு. லூமினன்ஸ் என்று சொல்வது இதைத்தான். மேசையில் ஒரு வெள்ளைத் தாளையும் ஒரு கறுப்பு அட்டையையும் அருகருகே வையுங்கள். இரண்டின் மேலும் விழும் லக்ஸ் ஒன்றே. ஆனால் தாளின் ஒளிர்வு அதிகம், அட்டையின் ஒளிர்வு குறைவு.

இன்னொரு விஷயம்: தாளை விட்டு இரண்டு அடி பின்னால் நகர்ந்தாலும் அதன் ஒளிர்வு குறையாது. கண்ணுக்கு வரும் ஒளி குறையும். ஆனால் தாள் தெரியும் அளவும் அதே விகிதத்தில் சுருங்கிவிடும். அதனால் ஒளிர்வு மாற்றக் கணக்கில் தூரம் என்ற பேச்சே வராது. யாராவது தூரம் கேட்டால், அவர்கள் லக்ஸ் பற்றிப் பேசுகிறார்கள் என்று பொருள்.

ட்ரோலண்ட் என்ற அலகையும் ஒளிர்வு என்று எண்ணி மாற்றிவிடுகிறார்கள். அது விழித்திரையில் விழும் ஒளியின் அளவு. ஒளிர்வை, கண்மணியின் பரப்போடு பெருக்கினால் வருவது. சதுர மீட்டருக்கு 100 கேண்டிலா ஒளிர்வை, 7 சதுர மில்லிமீட்டர் கண்மணி வழியே பார்த்தால் 700 ட்ரோலண்ட். கண்மணி அளவு தெரியாமல் ட்ரோலண்டிலிருந்து ஒளிர்வுக்குத் திரும்ப வழியே இல்லை.

மைய அலகு

இன்றைய சர்வதேச அலகு, சதுர மீட்டருக்கு கேண்டிலா. திரைத் துறையில் இதையே நிட் என்கிறார்கள். ஒளிர்தல் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர். நிட் சர்வதேச முறையின் அதிகாரப்பூர்வப் பெயர் இல்லை; ஆனாலும் மதிப்பு அச்சு அசலாக ஒன்றே. கட்டுரை நெடுக நானும் நிட் என்றே எழுதுகிறேன்.

எந்த அலகிலிருந்து எந்த அலகுக்குப் போனாலும் நடுவில் நிட்டில் இறங்கி ஏறுங்கள். லாம்பர்ட்டிலிருந்து ஃபுட்-லாம்பர்ட்டுக்கு நேர்வழி உண்டு. ஆனால் பத்து அலகுகளுக்கு இடையே நேர்வழி எண்கள் 45 இருக்கின்றன. நிட் வழியாகப் போனால் ஒன்பது எண்கள் போதும்.

கேள்வி ஒன்று: எந்தப் பரப்பு?

இது எளிது. சதுர மீட்டரா, சதுர சென்டிமீட்டரா, சதுர அடியா, சதுர அங்குலமா என்று பாருங்கள். பரப்பு சுருங்கச் சுருங்க அலகு பெரிதாகும்.

ஸ்டில்ப் என்பது சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கேண்டிலா. ஒரு சதுர மீட்டரில் 10,000 சதுர சென்டிமீட்டர். ஆகவே 1 ஸ்டில்ப் = 10,000 நிட். நூறால் பெருக்கி நிறுத்திவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இது நீளம் இல்லை, பரப்பு. ஹெச்டிஆர் எனப்படும், மிக இருண்டதையும் மிக வெளிச்சமானதையும் ஒருசேரக் காட்டும் காட்சிகளுக்காக 2014இல் வந்த எஸ்எம்பிடிஇ 2084 என்ற திரைத் துறைத் தரம் அதிகபட்சமாக 10,000 நிட் வரை குறிக்க இடம் தருகிறது. பழைய மொழியில் அது சரியாக ஒரு ஸ்டில்ப்.

ஓர் அடி 0.3048 மீட்டர், துல்லியமான மதிப்பே இதுதான். ஒரு சதுர அடி 0.09290304 சதுர மீட்டர். தலைகீழாக்கினால் 10.7639. ஆகவே சதுர அடிக்கு 1 கேண்டிலா = 10.7639 நிட். சதுர அங்குலத்துக்கு 1 கேண்டிலா = 1,550 நிட்.

கேள்வி இரண்டு: பை இருக்கிறதா?

குழப்பம் முழுவதும் இங்கேதான். கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

எல்லாத் திசையிலும் ஒரே அளவு வெளிச்சமாகத் தெரியும் ஒரு பரப்பை நினைத்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்புச் சுவரோ, மங்கலான வெள்ளைத் தாளோ அதற்கு நெருக்கம். இந்தக் குணத்தை விளக்கியவர் யோஹான் ஹைன்ரிச் லாம்பர்ட். 1760இல் வெளிவந்த ஃபோட்டோமெட்ரியா என்ற நூலில் எழுதினார். அப்படிப்பட்ட பரப்பின் ஒளிர்வு 1 நிட் என்றால், அதன் ஒரு சதுர மீட்டரிலிருந்து வெளியேறும் மொத்த ஒளி எவ்வளவு?

பரப்பின் முன்னால் இருக்கும் அரைக்கோளத்தின் திண்மக்கோணம், அதாவது முப்பரிமாணக் கோணம், 2 பை ஸ்டிரேடியன். கேண்டிலா என்பது ஒரு ஸ்டிரேடியனுக்கு ஒரு லூமென். அதனால் 2 பை லூமென் என்று சொல்லத் தோன்றும். ஆனால் சாய்வாகப் பார்க்கும்போது பரப்பு குறுகித் தெரிகிறது. தரையோடு ஒட்டிய பார்வையில் கோடாகவே ஆகிவிடுகிறது. எல்லாத் திசைகளுக்கும் சேர்த்து அந்தக் குறுகலைக் கணக்கிட்டால் சரிபாதி கழிகிறது. மிஞ்சுவது பை லூமென்.

இதனால் ஒரு தொல்லை வந்தது. முழுவதும் பிரதிபலிக்கும் வெள்ளைப் பரப்பின் மேல் 1 லக்ஸ் விழுந்தால் ஒளிர்வு 1 நிட் வராது. பையில் ஒரு பங்கு, அதாவது 0.318 நிட்தான் வரும். பழைய ஒளிப் பொறியாளர்களுக்கு இந்தப் பின்னம் பிடிக்கவில்லை. விழுவது 1 என்றால் தெரிவதும் 1 என்று வர வேண்டும் என நினைத்து, பையை அலகுக்குள்ளேயே வைத்துக் கட்டிவிட்டார்கள். இப்படிப் பிறந்தவைதான் இந்த மூன்றும்:

1 லக்ஸ் (சதுர மீட்டருக்கு ஒரு லூமென்) விழுந்தால் 1 அபோஸ்டில்ப் = 1 ÷ பை = 0.31831 நிட்
1 ஃபோட் (சதுர சென்டிமீட்டருக்கு ஒரு லூமென்) விழுந்தால் 1 லாம்பர்ட் = 10,000 ÷ பை = 3,183.1 நிட்
1 ஃபுட்-கேண்டில் (சதுர அடிக்கு ஒரு லூமென்) விழுந்தால் 1 ஃபுட்-லாம்பர்ட் = 10.7639 ÷ பை = 3.42626 நிட்

மூன்றுக்கும் ஒரே இலக்கணம், பரப்பு மட்டும் வேறு. இதைப் பார்த்த நாளில் எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி. மனப்பாடம் செய்ய வேண்டிய எண்கள் என்று நினைத்தவை எல்லாம் ஒரே சூத்திரத்தின் முகங்கள்!

பெயரை வைத்துப் பை உண்டா என்று ஊகிக்கலாம். கேண்டிலா என்ற சொல் அலகின் பெயரில் வெளிப்படையாக இருந்தால் பை இல்லை. லாம்பர்ட் என்று வந்தால் பை உண்டு. நிட்டும் ஸ்டில்பும் பை இல்லாதவை. அபோஸ்டில்ப் மட்டும் ஏமாற்றும்: பெயரில் ஸ்டில்ப் இருந்தாலும் அது பை குடும்பம். ப்ளோண்டெல் என்று எங்காவது பார்த்தால் அதுவும் அபோஸ்டில்ப்தான். பிரெஞ்சு இயற்பியலாளர் ஆந்த்ரே ப்ளோண்டெல் பெயரால் வழங்குவது. ஸ்காட் என்பது அபோஸ்டில்பில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இருட்டு என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது, மிக மங்கலான வெளிச்சங்களை அளக்க. 1 ஸ்காட் = 0.00031831 நிட். இருட்டில் ஒளிரும் பாதுகாப்புப் பலகைகளுக்கான ஜெர்மன் தரமான டின் 67510, ஒளிர்வு 0.3 மில்லிநிட்டாக இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்க்கிறது. ஒரு ஸ்காட்டுக்கு மிக நெருக்கம்.

மூன்று இரட்டைப் பிள்ளைகள்: 3.14, 3.18, 3.43

தவறு செய்ய வைப்பதில் இந்த மூன்று எண்களை மிஞ்ச எதுவும் இல்லை. 1 நிட் என்பது 3.14 அபோஸ்டில்ப். 1 மில்லிலாம்பர்ட் என்பது 3.18 நிட். 1 ஃபுட்-லாம்பர்ட் என்பது 3.43 நிட். பார்க்க ஒன்றுபோல இருப்பதால் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை எடுத்துவிடுவோம். விடையும் ஏறக்குறையச் சரியாகத் தெரிவதால் தவறு கண்ணில் படாது.

ஏன் இவ்வளவு நெருக்கம்? முதலாவது பை. இரண்டாவது 10 ÷ பை. மூன்றாவது 10.7639 ÷ பை. பையின் வர்க்கம் 9.87, பத்துக்கு மிக அருகில் இருப்பதால் முதல் இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன. ஒரு சதுர மீட்டரில் 10.76 சதுர அடி இருப்பதும் பத்துக்கு அருகில் என்பதால் மூன்றாவதும் பக்கத்தில் வந்து நிற்கிறது. மூன்றும் தற்செயல். ஆனால் மில்லிலாம்பர்ட்டை ஃபுட்-லாம்பர்ட்டாக அப்படியே எடுத்துக்கொண்டால் 7 சதவீதத்துக்கு மேல் பிழை வரும். 1 மில்லிலாம்பர்ட் = 0.929 ஃபுட்-லாம்பர்ட். திரை அளவீட்டில் இந்த வித்தியாசம் ஒரு அறையைத் தேர்ச்சியிலிருந்து தோல்விக்குத் தள்ளப் போதும்.

இனி மாற்றுவோம்

படி 1. அலகின் பெயரை முழுமையாக எழுதுங்கள். மில்லி, மைக்ரோ போன்ற முன்னொட்டையும் விடாதீர்கள்.
படி 2. பரப்பு எண்ணை எடுங்கள்: சதுர மீட்டர் 1, சதுர சென்டிமீட்டர் 10,000, சதுர அடி 10.7639.
படி 3. பை குடும்பம் என்றால் அதை 3.14159ஆல் வகுங்கள்.
படி 4. முன்னொட்டைச் சேருங்கள். இப்போது அந்த அலகில் ஒன்றுக்கு எத்தனை நிட் என்று தெரியும்.
படி 5. நிட்டுக்குப் போக அதனால் பெருக்குங்கள். நிட்டிலிருந்து வர அதனால் வகுங்கள்.

என் ஒளிமானியின் 14ஐ எடுப்போம். ஃபுட்-லாம்பர்ட்: பரப்பு 10.7639, பை உண்டு, ஆக 3.42626. பெருக்கினால் 47.97. டிஜிட்டல் சினிமாத் திரைக்கான குறிப்புகளில் 14 ஃபுட்-லாம்பர்ட் என்றும் 48 நிட் என்றும் இரண்டும் காணக் கிடைப்பதன் காரணம் இதுதான்.

அடுத்து, ஒரு பழைய ஒளிரும் கடிகார முகப்பு 20 மைக்ரோலாம்பர்ட் என்று வைத்துக்கொள்வோம். லாம்பர்ட் 3,183.1 நிட், மைக்ரோ என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, அதாவது 0.0031831. இருபதால் பெருக்கினால் 0.0637 நிட். ஸ்காட்டில் வேண்டுமா? 0.00031831ஆல் வகுத்தால் 200. இரண்டுமே பை குடும்பம் என்பதால் பை தானாகக் கழன்று முழு எண் வந்துவிட்டது. ஒரே குடும்பத்துக்குள் மாற்றும்போது விடையில் பை ஒட்டிக்கொண்டிருந்தால், எங்கோ ஒருமுறை கூடுதலாகப் பெருக்கியிருக்கிறீர்கள்.

கண் மருத்துவத்தில் அபோஸ்டில்ப் இன்னும் உயிரோடு இருக்கிறது. பார்வைப் புலம் சோதிக்கும் ஹம்ஃப்ரி கருவியின் பின்னணி வெளிச்சம் 31.5 அபோஸ்டில்ப். பையால் வகுத்தால் 10.03 நிட். வேண்டுமென்றே பத்து நிட்டுக்கு அருகில் வைத்தது போலத் தெரிகிறது அல்லவா? அபோஸ்டில்பில் மட்டும் பார்த்தால் 31.5 விசித்திரமான எண். நிட்டில் பார்த்தால் அதன் நியாயம் தெரிகிறது.

லக்ஸ் மட்டும் தெரியும் என்றால்

மங்கலான, பளபளப்பு இல்லாத பரப்பு என்றால் ஒளிர்வைக் கணக்கிடலாம். விழும் லக்ஸைப் பிரதிபலிப்பு விகிதத்தால் பெருக்கி, பையால் வகுத்தால் நிட். 500 லக்ஸ் விழும் மேசையில் 80 சதவீதம் பிரதிபலிக்கும் தாள்: 500 × 0.8 ÷ 3.14159 = 127 நிட். அபோஸ்டில்பில் கேட்டால் வகுக்கவே வேண்டாம், 400. பழையவர்கள் ஏன் அந்த அலகை விரும்பினார்கள் என்பது இந்த ஒரு கணக்கிலேயே புரியும்.

ப்ரொஜெக்டரும் இப்படித்தான். 3 மீட்டர் அகலம், 1.6875 மீட்டர் உயரத் திரை, பரப்பு 5.0625 சதுர மீட்டர். 1,500 லூமென் முழுவதும் திரையில் விழுந்தால் 296 லக்ஸ். திரையின் ஆதாயம் (முழுவதும் பிரதிபலிக்கும் மங்கலான வெள்ளைப் பரப்போடு ஒப்பிட்ட ஒளிர்வு) 1 என்றால் பையால் வகுத்து 94 நிட், அதாவது 27.5 ஃபுட்-லாம்பர்ட். சதுர அடியில் சரிபார்க்கலாம்: பரப்பு 54.49 சதுர அடி, 1,500 ÷ 54.49 = 27.5. இரண்டு வழியும் ஒரே இடத்தில் சேர்ந்தால் கணக்கு சரி.

கண்ணாடி, பளபளப்பான சுவர், உலோகத் தகடு ஆகியவற்றுக்கு இந்தச் சூத்திரம் செல்லாது. அங்கே ஒளிமானியால் நேரடியாக அளப்பது ஒன்றே வழி.

பெருக்கி மாற்ற முடியாதவை

சில துறைகளில் ஒளிர்வை மடக்கை அளவில் சொல்வார்கள். அங்கே ஒரு படி கூடும்.

மேலே சொன்ன ஹம்ஃப்ரி கருவியில் முடிவுகள் டெசிபெலில் வரும். 0 டெசிபெல் என்பது மிக அதிக வெளிச்சமான 10,000 அபோஸ்டில்ப். ஒவ்வொரு 10 டெசிபெலுக்கும் வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகும். எனவே 30 டெசிபெல் என்பது 10 அபோஸ்டில்ப், 3.18 நிட். எண் ஏறினால் வெளிச்சம் இறங்குகிறது என்பதை மறக்க வேண்டாம். 0 டெசிபெல் எங்கே நிற்கிறது என்பது கருவிக்குக் கருவி மாறும். அதனால் இரண்டு கருவிகளின் டெசிபெலை ஒப்பிடும் முன், இரண்டையும் நிட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

வானியலில் இரவு வானத்தின் வெளிச்சத்தை, ஒரு சதுர வில்விநாடிக்கு எத்தனை பொலிவுத்தரம் என்று அளப்பார்கள். வில்விநாடி என்பது பாகையில் 3,600இல் ஒரு பங்கு; பொலிவுத்தரம் என்பது விண்மீன்களின் வெளிச்சத்துக்கான மடக்கை அளவு, எண் ஏறினால் வெளிச்சம் குறைவு. பொதுவாகப் பயன்படும் தோராயச் சூத்திரம் இது: பொலிவுத்தரத்தை 0.4ஆல் பெருக்கி, அதற்கு எதிர்க்குறி இட்டு, பத்தின் அடுக்காக வைத்து, 1,08,000ஆல் பெருக்கினால் நிட். மிக இருண்ட வானமான 22க்கு 0.4 × 22 = 8.8, பத்தின் அடுக்கு −8.8 என்றால் 0.00000000158, பெருக்கினால் 0.000171 நிட். அரை ஸ்காட்டுக்குச் சற்று மேல். 18 என்று வாசிக்கும் நகர வானம் 0.0068 நிட், நாற்பது மடங்கு. திரும்பிப் போக: நிட்டின் பத்தடிமான மடக்கையை 2.5ஆல் பெருக்கி, 12.58இலிருந்து கழியுங்கள். வண்ண வடிகட்டியைப் பொறுத்து இந்த எண் நகரும் என்பதால் இரண்டு இலக்கத் துல்லியத்துக்கு மேல் நம்ப வேண்டாம்.

புகைப்படக்காரர்களிடம் இவி, அதாவது எக்ஸ்போஷர் மதிப்பு, இருக்கிறது. ஐஎஸ்ஓ (ஃபிலிம் அல்லது சென்சாரின் ஒளி உணர்திறன்) 100இல், 2இன் அடுக்காக இவி எண்ணை வைத்து 0.125ஆல் பெருக்கினால் நிட். இவி 12 என்றால் 4,096 × 0.125 = 512 நிட். 0.125 என்பது ஒளிமானியின் அளவுத்திருத்த மாறிலி 12.5இலிருந்து வந்தது, சில கருவிகள் 14ஐ வைத்துக்கொள்ளும், அப்போது விடை 12 சதவீதம் ஏறும். உங்கள் கருவியின் கையேட்டில் அந்த மாறிலியைத் தேடிப் பாருங்கள்.

வாட் கணக்கில் கொடுத்த கதிர்வீச்சை நிட்டாக மாற்றச் சொன்னால், ஒளியின் நிறமாலை இல்லாமல் செய்ய முடியாது என்று மறுத்துவிடுங்கள். ஒரே வாட் பச்சையிலும் சிவப்பிலும் கண்ணுக்கு வெவ்வேறு வெளிச்சம்.

விடை தவறினால், தவற்றின் விகிதமே காட்டிக்கொடுக்கும்

எதிர்பார்த்ததையும் வந்ததையும் ஒன்றால் ஒன்று வகுத்துப் பாருங்கள். 3.14 வந்தால் பையை விட்டுவிட்டீர்கள். 9.87 வந்தால் வகுக்க வேண்டிய இடத்தில் பையால் பெருக்கிவிட்டீர்கள். 3.43 என்றால் ஃபுட்-லாம்பர்ட்டை மாற்றாமல் விட்டது. என் ஒளிமானிக்கு நடந்தது இதுதான். 11.7 என்றால் அதைத் தலைகீழாகச் செய்தது. 10.76 என்றால் அடியும் மீட்டரும் கலந்துவிட்டன. 100 என்றால் சென்டிமீட்டரை நீளமாக எண்ணியது. 1.08 என்றால் மில்லிலாம்பர்ட்டும் ஃபுட்-லாம்பர்ட்டும் இடம் மாறிவிட்டன. இதைத்தான் கண்டுபிடிப்பது கடினம்.

பொது அறிவுக்கு எட்டும் இரண்டு எண்களையும் கையில் வைத்திருங்கள். முழுநிலவின் முகம் ஏறத்தாழ 2,500 நிட். நண்பகல் சூரியன் சுமார் 160 கோடி நிட். உங்கள் கணக்கில் ஒரு கணினித் திரை நிலவை விடப் பல மடங்கு வெளிச்சம் என்று வந்தால், மறுபடி முதல் படிக்குப் போங்கள்.

மிகப் பழைய ஆவணங்கள்

கேண்டிலாவின் வரையறையே ஒருகாலத்தில் ஒளிர்வை வைத்துத்தான் இருந்தது. 1948இல் ஏற்ற வரையறைப்படி, உறைநிலையில் இருக்கும் பிளாட்டினத்தின் வெப்பத்தில் ஒரு கரும்பொருளின் (தன் மேல் விழும் ஒளி முழுவதையும் உறிஞ்சும் பொருளின்) ஒளிர்வு சதுர சென்டிமீட்டருக்கு 60 கேண்டிலா. நம் மொழியில் 60 ஸ்டில்ப், ஆறு லட்சம் நிட். 1979இல் பிளாட்டினம் விலகி, 540 டெராஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் ஒரு வாட்டுக்கு 683 லூமென் என்ற இன்றைய வரையறை வந்தது. இந்த மாற்றத்தால் அன்றாடக் கணக்கில் எதுவும் அசையவில்லை.

1948க்கு முந்தியவை வேறு. அவற்றில் அலகாக வரும் மெழுகுவர்த்தி இன்றைய கேண்டிலா அல்ல. சர்வதேச மெழுகுவர்த்தி இன்றைய கேண்டிலாவை விடச் சுமார் 2 சதவீதம் பெரிது. ஜெர்மனியில் வழங்கிய ஹெஃப்னர் மெழுகுவர்த்தியோ ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு சிறிது. அந்தக் காலத்து ஸ்டில்ப், அபோஸ்டில்ப், லாம்பர்ட் எல்லாம் எந்த மெழுகுவர்த்தியை அடிப்படையாகக் கொண்டவை என்று ஆவணத்திலேயே தேடுங்கள். கிடைத்தால் திருத்திவிட்டு மேலே சொன்ன படிகளைச் செய்யுங்கள். கிடைக்காவிட்டால் 3,183.1 என்று ஐந்து இலக்கம் எழுதாமல், லாம்பர்ட்டுக்குச் சுமார் 3,000 நிட் என்று எழுதிவிட்டு நகருங்கள்.